தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் போகலாகாது: எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் ஆவுடையார்கோவில் கடைவீதியும்

மின்கருவிகளின் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. விதிகள் சரியாகவே இருக்கின்றன, நடைமுறைப்படுத்த ஆய்வு அலுவலர்கள்தாம் போதவில்லை என்பது அந்த முடிவு. ஆட்களை நியமித்துவிட்டால் சிற்றூர்க் கடைவரை சரிபார்ப்பு எட்டிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் அடங்கியிருக்கிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவை, ஆவுடையார்கோவில் கடைவீதியில் மின்விசிறி விற்கும் ஒரு சிறு கடையை மனத்தில் நிறுத்திக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தபோது அந்த எண்ணம் நிலைக்கவில்லை. நூறு அலுவலர்களை நியமித்தாலும் அந்தக் கடையின் விசிறி பொய் சொல்கிறதா என்பதை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சட்டமே அதற்கு இடம் வைக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கூரை மின்விசிறியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு நட்சத்திர முத்திரை நெடுங்காலம் விருப்பத்தின்பாற்பட்டதாக இருந்து, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. குளிர்சாதனக் கருவி இல்லாத வீட்டிலும் விசிறி இருக்கும். அதன் நட்சத்திரம் ‘சேவை மதிப்பு’ என்ற விகிதத்தைக் கொண்டு முடிவாகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை வீசுகிறது என்பதை அது இழுக்கும் வாட்டால் வகுத்தால் கிடைப்பது அந்த மதிப்பு. 2023இல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி 1200 மி.மீ. விசிறி ஒரு நட்சத்திரம் பெற 4 வேண்டும். ஐந்து நட்சத்திரத்துக்கு 6 வேண்டும். 210 கன மீட்டர் வீசும் விசிறி என்றால் முன்னது 52.5 வாட், பின்னது 35 வாட். வாட்டை ஒரு சிறு மீட்டரைச் செருகிக் கடையிலேயே பார்த்துவிடலாம். காற்றைப் பார்க்க முடியாது. அதற்கு ஐ.எஸ். 374 தரநிலை சொல்லும் சோதனை அறை வேண்டும். குறைவாக வீசிக் குறைந்த வாட் இழுக்கும் விசிறியும் கடை மீட்டரில் நல்ல விசிறியாகவே தோன்றும். ஆகவே விசிறியைச் சரிபார்ப்பதென்றால் அதைக் கடையிலிருந்து சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு வழியில்லை.

இனிப் பிரிவுக்கு வருவோம். முதல் உட்பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டு கழிந்த பிறகே மாநில நியமன முகமை ஆய்வு அலுவலர்களை அமர்த்தலாம் என்கிறது. தமிழ்நாட்டில் அந்த முகமை மின் ஆய்வுத் துறை. சட்டம் 2002 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. முத்திரைத் திட்டம் 2006 மே மாதம் தொடங்கியது. அதாவது முத்திரை முதலில் பிறந்தது. அதைப் பார்க்கவேண்டிய கண்ணை அமர்த்தும் அதிகாரம் 2007 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. இந்தக் கால முரணைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. அந்த அலுவலரின் பணியை உட்பிரிவு எப்படி வகுக்கிறது என்பதே முக்கியம். நுகர்வுத் தரநிலை பின்பற்றப்படுகிறதா, முத்திரையில் விவரங்கள் காட்டப்படுகின்றனவா என்ற இரண்டையும் அவர் உறுதிசெய்ய வேண்டும். ‘உண்மையா’ என்பதும் ‘ஒட்டியிருக்கிறதா’ என்பதும் வேறு வேறு கேள்விகள். சட்டம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்துவிட்டு, பின்வரும் உட்பிரிவுகளில் இரண்டாவதற்கு மட்டுமே கருவி தருகிறது.

மூன்றாம் உட்பிரிவு தரும் நுழையும் அதிகாரத்தைப் பாருங்கள். முத்திரைக்குரிய கருவி வைக்கப்பட்டிருக்கும் இடத்தில், அது தொழிலுக்காகத் திறந்திருக்கும் நேரத்தில், அலுவலர் நுழையலாம். ஆனால் அந்த இடம் ‘நியமன நுகர்வோரின்’ இடமாக இருக்க வேண்டும். நியமன நுகர்வோர் என்பார் சிமெண்ட், உரம், இரும்பு, காகிதம், அனல்மின் நிலையம் போன்று எரிசக்தியைப் பெருமளவு உண்ணும் நிறுவனங்களில் அரசு அறிவித்தவை. ஆவுடையார்கோவில் மின்பொருள் கடைக்காரர் எந்தக் கணக்கிலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. இரண்டாம் உட்பிரிவின் தொடக்கத்தில், அறிவிக்கப்பட்ட கருவிகளோடு தொடர்புடைய எந்தச் செயற்பாட்டையும் ஆய்வு செய்யலாம் என்ற சொற்கள் இருக்கின்றன. விற்பனையும் ஒரு செயற்பாடுதானே, அதன் வழியாகக் கடை உள்ளே வந்துவிடாதா என்பார்கள். இந்த வாசிப்பு தவறென்று நான் அடித்துச் சொல்லவில்லை. முத்திரைத் திட்டத்தின் நோக்கத்தோடு பார்த்தால் இதுவே பொருத்தமானதும்கூட. ஆனால் இதை ஏற்றுக்கொண்டவர் நான்காம் உட்பிரிவை எதிர்கொள்ள வேண்டும். அலுவலர் தாம் நுழைந்த இடத்திலிருந்து எந்தக் கருவியையும், கணக்கேட்டையும், ஆவணத்தையும் எக்காரணம் கொண்டும் எடுத்துச் செல்லக் கூடாது, எடுத்துச் செல்லச் செய்யவும் கூடாது என்கிறது அது. தொழிற்சாலை நிர்வாகத்தை அலைக்கழிப்பிலிருந்து காக்க எழுதிய வாசகம் என்பது தெரிகிறது. ஓடும் கொதிகலனையோ மோட்டாரையோ பெயர்த்துக்கொண்டு போகக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அப்படியே விசிறிப் பெட்டியின் மேல் போர்த்தினால், அலுவலர் அதைத் தூக்கிப் பார்க்கலாம், முத்திரையைப் படிக்கலாம், எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளலாம், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

ஆக, கடை பிரிவுக்கு வெளியே என்றால் நுழைய வழியில்லை. உள்ளே என்றால் எடுக்க வழியில்லை. எந்தப் பக்கம் படித்தாலும் ஆள் பற்றாக்குறை என்ற விளக்கம் தளர்கிறது.

அப்படியானால் இன்று நடக்கும் சரிபார்ப்புச் சோதனை எதன் பலத்தில் நிற்கிறது? உற்பத்தியாளருக்கு எரிசக்தித் திறன் பணியகம் தரும் அனுமதியின் பலத்தில். ஒரு மாதிரியை எடுத்துச் சோதிப்பார்கள். தோற்றால் இரண்டாம் சோதனைக்கு இரட்டிப்பு எண்ணிக்கையில் எடுப்பார்கள். அதிலும் தோற்றால் முத்திரையைத் திருத்தவோ குறையை நீக்கவோ, சந்தையில் இருக்கும் இருப்பைத் திரும்பப் பெறவோ இரண்டு மாதத் தவணை. பெயரை நாளிதழில் வெளியிடுவதும் உண்டு. இந்த ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இதன் வேர் இரு தரப்புக்கு இடையிலான உடன்பாட்டில் இருக்கிறது. ஆவுடையார்கோவில் கொடுங்கை (வளைந்த கல் இறவாரம்) நீங்கலாக மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று பழைய சிற்பிகள் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள் என்பது நாடறிந்த வழக்கு. எதைச் செய்ய ஒப்புக்கொண்டோம், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது சிற்பிக்கும் கோயிலைக் கட்டுவிப்பவருக்கும் தெரியும். நாளை அந்த மண்டபத்தில் வந்து நிற்கப்போகிறவருக்கு அதில் கையெழுத்து இல்லை. விசிறி வாங்குபவரின் நிலையும் அதுதான்.

வாங்கியவர் புகார் கொடுத்தால் சோதனை நடக்கும் வழியும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் முடியும். புகார் கொடுக்க முதலில் சந்தேகம் வர வேண்டும். ஐந்து நட்சத்திரம் ஒட்டிய விசிறி உண்மையில் ஒரு நட்சத்திரத் தரத்தில் ஓடினால் வேறுபாடு 17.5 வாட். நாளுக்கு 16 மணி நேரம் வீதம் இரண்டு மாதம் ஓடினால் 16.8 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். ஓரிரு விசிறியும் சில விளக்குகளும் உள்ள வீட்டில் அந்த 16.8 யூனிட் இலவசத்துக்குள்ளேயே கரைந்துபோகும். மின்கட்டண அட்டையில் தெரியாத இழப்பைப் பற்றி யார் புகார் எழுதுவார்கள்? அந்த இழப்பு மானியக் கணக்கில் ஏறி, அரசின் தலையில் விழுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்பாருக்கு ஒரு வரி போதும்: அது தரநிலையின் குறைந்தபட்ச வரம்பைச் சொல்லும், மூன்று நட்சத்திரமா ஐந்தா என்பதைச் சொல்லாது.

எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தைக் கருவிக் கணக்கில் கூட்டியது; பத்து லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு அதற்கு முன்பே இருந்தது. தண்டம் எவ்வளவு உயர்ந்தாலும் குற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அதற்கு வேலை.

இதே கடைவீதியில் இரண்டு கடை தள்ளி மளிகைக் கடை இருக்கிறது என்று கொள்வோம். அதன் தராசைச் சரிபார்த்து முத்திரையிடச் சட்டமுறை எடையளவு அலுவலர் வருவார். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவருக்குச் சோதனையிடவும் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் எண்ணெயில் மாதிரி எடுப்பார், அறிவிப்புக் கொடுப்பார், மாதிரியைப் பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடுவார், சந்தை விலையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார். கடைக்காரரை அலைக்கழிக்காமல் பொருளை எடுக்கும் முறை நம் சட்டங்களில் ஏற்கெனவே பழகிப்போன ஒன்று. 17ஆம் பிரிவை எழுதியவர்கள் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதினார்கள்; கடை அவர்கள் கண்ணில் படவில்லை என்றே நான் கருதுகிறேன்.

நான்காம் உட்பிரிவின் தடை தொழிற்சாலைக்கு அப்படியே இருக்கட்டும். விற்பனை இடத்தில் மட்டும், உரிய விலையைக் கொடுத்து, ரசீது பெற்று, முத்திரையிட்டு ஒரு கருவியை எடுத்துச் செல்லலாம் என்ற விதிவிலக்கை அதன் கீழ்ச் சேர்த்தால் போதும். மூன்றாம் உட்பிரிவில் ‘நியமன நுகர்வோர்’ என்பதோடு ‘விற்பனையாளர்’ என்ற சொல்லும் சேர வேண்டும். அந்த விசிறியின் விலையை யார் தருவது என்று கேட்பார்கள். இலவச யூனிட்டுக்கான மானியத்தைச் சுமக்கும் மாநில அரசுதான் தர வேண்டும். அந்தப் பொய் முத்திரையால் உண்மையில் பணம் இழப்பது அதுவே.