பதினைந்து விழுக்காடு: ஜொகூர்த் தொகுதி எல்லைகளும் கணக்கியலும்

1957ஆம் ஆண்டு மலாயா விடுதலை பெற்றபோது, அதன் அரசமைப்புச் சட்டத்துள் ஓர் எளிய எண் இடம்பெற்றிருந்தது. ஒரு மாநிலத்தின் வாக்காளர் தொகையை அம்மாநிலத்திற்குரிய தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் ஈவே சராசரி. எந்தத் தொகுதியும் அந்தச் சராசரியினின்று 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பதே விதி. ரீட் பிரபுவின் தலைமையில் ஐவர் ஆணைக்குழு பரிந்துரைத்த வரம்பு அது. வகுத்தலும் விழுக்காடும் கற்ற தொடக்கப்பள்ளி மாணவன்கூட ஒரு தொகுதி நேர்மையாக அமைந்துள்ளதா என்று தானே கணக்கிட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்த எண் ஐந்தாண்டுகளே நிலைத்தது. தேர்தல் ஆணையம் 1960இல் அவ்விதிப்படி வரைந்தளித்த எல்லைகள் நடைமுறைக்கு வரவில்லை. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லைகளை ஏற்கும் இறுதி அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தது. நாட்டுப்புறத் தொகுதியின் வாக்காளர் தொகை நகர்ப்புறத் தொகுதியினதில் பாதியளவுக்குக் குறையலாம் என்றும் வகுத்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பாதி என்னும் வரம்பும் நீக்கப்பட்டது. இன்று பதின்மூன்றாம் அட்டவணையில் எஞ்சி நிற்பது, வாக்காளர் தொகை ஏறத்தாழச் சமமாயிருக்க வேண்டும், ஆயினும் நாட்டுப்புறத்துக்குச் சிறிது சலுகை உண்டு என்னும் சொற்றொடரே. ‘ஏறத்தாழ’ என்பதும் ‘சிறிது’ என்பதும் எத்துணை என எவராலும் அளந்து கூற இயலாது.

சலுகைக்குக் காட்டப்பட்ட காரணத்தை முற்றும் பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. 1954இல் மெர்தர் பிரபுவின் குழு இதனைப் பரிந்துரைத்த காலத்தில், ஆற்றோரக் கம்பங்களையும் உட்புறத் தோட்டங்களையும் சென்றடைவது உண்மையிலேயே அரிதாயிருந்தது. ஆனால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்ற பின்னரும் அச்சலுகை குறைந்ததாகத் தெரியவில்லை.

ஜொகூர் இதற்கு ஏற்ற சான்று. 2022இல் இம்மாநிலத்தின் வாக்காளர் ஏறத்தாழ 26 இலட்சம்; நாடாளுமன்றத் தொகுதிகள் 26. ஆகவே சராசரி ஓர் இலட்சம். பழைய விதி இருந்திருப்பின் எல்லாத் தொகுதிகளும் 85 ஆயிரத்துக்கும் ஓர் இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் இடையில் அடங்கியிருக்க வேண்டும். தெப்ராவிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் தனித்தனியே இரண்டு இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1962இன் தளர்ந்த விதியைக் கொண்டு அளப்பினும், நாட்டுப்புறத் தொகுதிகளில் ஓர் இலட்சத்துப் பத்தாயிரம் பேரேனும் வேண்டும். லாபிசும் செம்புரோங்கும் மெர்சிங்கும் அதனை எட்டவில்லை. இவ்வீக்கத்தில் ஒரு பகுதி, பதினெட்டு வயதினரின் சேர்க்கையாலும் தானியங்கிப் பதிவாலும் 2021 டிசம்பருக்குப் பின் வந்தது. தென்முனை நகரங்களின் பெருக்கமோ எல்லை வரைந்தோர் முன்னரே கண்டிருக்கக்கூடிய ஒன்று.

அந்தப் பெருக்கத்தில் தமிழரின் பங்கும் உண்டு. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, லாபிஸ், குளுவாங் வட்டாரங்களினின்று குடும்பங்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பெயர்ந்தன. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் எடை மிக்கதாயிருந்த அவர்தம் வாக்கு, நகருக்கு வந்ததும் பாதிக்கும் கீழே குறைந்தது. அரசு எவரிடமிருந்தும் எதனையும் பறிக்கவில்லை. வாக்காளர் இடம்பெயர்ந்தனர், எல்லைக்கோடுகள் இடம்பெயரவில்லை.

எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் போதுமா? பதினைந்து வீடுகளுள்ள ஒரு சிற்றூரில் ஒன்பது வீடுகள் மாமரச் சின்னத்தையும் ஆறு வீடுகள் படகுச் சின்னத்தையும் ஆதரிப்பதாகக் கொள்வோம். ஐந்தைந்து வீடுகளாக மூன்று தொகுதிகள். மாமர வீடுகள் ஐந்தையும் ஒரே தொகுதியில் அடைத்துவிட்டு, மற்ற இரண்டிலும் படகுக்கு மூன்று, மாமரத்துக்கு இரண்டு என அமைத்தால், சிறுபான்மையான படகு மூன்றில் இரண்டு இடங்களை வெல்லும். தொகுதிகளின் அளவிலோ அணுவளவும் வேற்றுமையில்லை! உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போற்றும் தமிழ் உரைகள் குடவோலையை விரித்துரைக்குமளவு, ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட செய்தியைப் பேசுவதில்லை. பிரிப்பிலும் அதிகாரம் இருக்கிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி 1812இல் ஒப்பமிட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லிபோன்ற உயிரியின் வடிவில் வளைந்திருந்தது. கெர்ரியின் பெயரையும் அவ்வுயிரியின் பெயரையும் இணைத்து ‘கெர்ரிமாண்டர்’ எனச் செய்தித்தாள் ஒன்று நகையாடியது. இக்காலக் கணித அறிஞர் வடிவத்தோடு நின்றுவிடுவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் மேட்டிங்லியும் அவர் குழுவினரும் வட கரோலினா மாநிலத்துக்கு, விதிகளுக்கு உட்பட்ட பல்லாயிரம் வரைபடங்களைக் கணினியால் உருவாக்கி, அரசு வரைந்ததை அவற்றோடு ஒப்பிட்டனர். ஏனையவற்றில் அரிதாகவே காணப்படும் முடிவை அரசின் வரைபடம் மட்டும் தருமானால், அது தற்செயல் அன்று என்பது புலனாகும். எனினும் 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கட்சிச் சார்பான எல்லைகளைத் திருத்துவது கூட்டரசு நீதிமன்றங்களின் பணியன்று எனத் தீர்ப்பளித்தது. கணக்கு சான்று கூறலாம். அதனைக் கேட்கும் மன்றம் வேண்டும்.

மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுமில்லை. சிகாமட்டில் 2004 முதல் 2013 வரையிலான தேர்தல்களில் டாக்டர் ச. சுப்பிரமணியமும், 2022இல் ஆர். யுனேஸ்வரனும் வென்றது பல இனத்தார் வாக்கினால்தான். இத்தகைய சமூகத்துக்கு, ஒரு கோடு தோட்டத்தின் எப்பக்கம் செல்கிறது என்பது சிறு செய்தியன்று.

தீபகற்பத்துக்கான அண்மைய எல்லை வரையறையை நாடாளுமன்றம் 2018 மார்ச் 28இல் ஏற்றது. ஒரு வரையறைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டாண்டு இடைவெளி வேண்டும் என்பது சட்டம். ஜொகூரின் 26 என்னும் எண்ணை மாற்ற அரசமைப்புத் திருத்தமும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. அந்த 26க்குள் கோடுகளை மாற்றி வரைவதற்கோ, மக்களவை மொத்த உறுப்பினருள் பாதிப்பேரின் ஒப்புதலே போதும்.