தரங்கம்பாடியின் துருவும் பத்தூரின் மண்ணும்

1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர், தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் செல்லும்வரை அவர்கள் வழங்கிய ஈயக்காசும் செப்புக்காசும் பல. கடல் அரித்த அக்கரையின் மணலில் அவை அகப்பட்டதுண்டு. ஆயின் கோட்டையும் துறையும் இருந்த இடத்தில் காசு தேடுவோருக்கு முதலில் எதிர்ப்படுவது ஆணியும் இரும்புத்துண்டும்தான்.

மெட்டல் டிடெக்டர் என்னும் கருவி இங்கே என்ன செய்யும்? அதன் கம்பிச்சுருளில் மாறிமாறிப் பாயும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. புதைந்த உலோகம் தரும் எதிர்வினையைக் கருவி ஓசையாக்குகிறது. இரும்பின் எதிர்வினை செம்பு, ஈயத்தினின்று வேறுபடுவதால், இரும்பை மட்டும் ஊமையாக்கும் ஏற்பாடும் உண்டு. சங்கடமும் அங்கேதான். துருவேறிய ஆணியை ஒட்டிக் கிடக்கும் சிறுகாசும் ஆணியோடு சேர்ந்து ஊமையாகிவிடலாம். உப்புநீர் ஊறிய மணலோ உலோகம் இன்றியே கூவும்!

கருவியின் குறை இருக்கட்டும். இரும்பைக் குப்பையென ஒதுக்கும் மனப்போக்கையே நாம் ஏற்பதற்கில்லை. தமிழ்நாட்டு இரும்பின் தொன்மை பற்றி 2025 சனவரியில் அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளையின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுவரை கொண்டுசெல்கிறது. அக்காலம் எவ்வாறு கணிக்கப்பட்டது? இரும்போடு உடன்கிடந்த கரித்துண்டு முதலியவற்றை ஆய்ந்தன்றோ! பொருளை மட்டும் பிடுங்கிச் செல்பவன் அந்தச் சான்றைக் கலைத்துவிடுகிறான்.

மண்ணே சாட்சி சொன்ன வழக்கும் நம் டெல்டாவில் உண்டு. 1976இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், மண்ணைத் தோண்டிய ஒரு கூலித்தொழிலாளியின் கையில் நடராசர் செப்புத்திருமேனி அகப்பட்டது. அது கைமாறி இலண்டன் சென்றது. வழக்கில் சிற்ப வல்லுநரோடு உலோக ஆய்வாளரும் வந்தனர். சிலையில் ஒட்டிய மண்ணும் கறையான் தடமும்கூட ஆராயப்பட்டன. 1988இல் கிடைத்த தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்ய, சிலை தாயகம் திரும்பியது. யாரேனும் அதைக் கழுவித் துலக்கியிருந்தால் அம்மண்சான்று கிட்டியிராது.

அத்தொழிலாளி ஏன் அதிகாரிகளிடம் செல்லவில்லை என்று கேட்பது எளிது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால் தரவேண்டியது, அப்பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. ஐந்தில் ஒன்று என்றதும் நம்மவர்க்கு ரிகாஸ் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே ஐந்தில் ஒரு பங்கு, கண்டெடுத்தவர் புதையலிலிருந்து கொடுப்பது; இங்கேயோ உருக்குவிலையின் மேல் அவர் பெறுவது. ஒரு சோழர்காலத் திருமேனிக்குச் செம்பின் எடைக்கணக்கில் விலை பேசும் சட்டத்தை நம்பி, ஏழை உழவர் எத்தனை பேர் தாலுகா அலுவலகப் படியேறுவர்?