மூளைப் படிப்பு நம் பக்கம் வந்த கதை



மூளையைப் பற்றிப் படிக்க வெளிநாடுதான் போகணும் என்று நம்ம கம்மாபுரத்தில் இன்றைக்கும் சொல்லிப் பிள்ளைகளை மடக்கிவிடுகிறார்கள். 75 வருஷத்துக்கு முன்னால் அது உண்மைதான்.

1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, அந்த வித்தையைக் கற்றது கனடாவில், பென்ஃபீல்டிடம். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் கையை அசைக்கிறது, எந்த இடம் பேச வைக்கிறது என்று வரைபடம் போட்டவர் பென்ஃபீல்ட். (மூளைக்கு வலி தெரியாது! வகுப்பில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.)

அடுத்த வருஷமே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார். பக்கத்துச் சீர்காழியில் பிறந்தவர், இங்கிலாந்தில் பயின்றவர். சி.டி. ஸ்கேன் வராத காலம். கைகால் அசைவையும் எக்ஸ்ரேயையும் வைத்தே கட்டி எங்கே என்று கணிக்கணும். அந்தக் கணிப்பை அவர்கள் இங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். 1951-இல் இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தையும் தொடங்கினார்கள்.

2024-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், சிசுவின் மூளையை முப்பரிமாணப் படங்களாக உலகத்துக்கே இலவசமாக வெளியிட்டது. அங்கே போக விருத்தாசலத்தில் ரயில் ஏறினால் போதும்.