வாஷிங்டனை மீட்ட ஐதர் அலி

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றி நாம் அறிந்தன சில. அவற்றுள்ளும் பிழைபட அறிந்தன பல. செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மை உரைத்த சிறுவன் கதை, அவர் மறைந்தபின் அவர் வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்பார் சேர்த்த புனைவு. அவர் மரப்பற்கள் அணிந்திருந்தார் என்பதும் உண்மையன்று. 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் இயற்கைப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது; அவர் அணிந்த செயற்கைப் பற்கள் தந்தத்தாலும் மனிதப் பற்களாலும் ஆனவை. இவையெல்லாம் சுவையான செய்திகளே. ஆயினும், மலைக்கோட்டையை நாள்தோறும் கண்ணுறும் நமக்கு இவற்றினும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்த 'ஜெனரல் வாஷிங்டன்' என்னும் கப்பலை மீட்ட கப்பலின் பெயர் 'ஐதர் அலி'.

ஐதர் அலியின் ஏற்றம் இவ்வூரில் தொடங்கியது எனலாம். மைசூர் அரசின் பௌஜ்தாராக அவர் 1755இல் திண்டுக்கல்லில் அமர்த்தப்பட்டார். மதுரை நாயக்கர் எழுப்பிய பாறைக்கோட்டையில் இருந்துகொண்டு, பிரெஞ்சுக் கைவினைஞரின் துணையுடன் படைக்கலச் சாலை ஒன்றை அவர் நிறுவினார். சுற்றிலும் இருந்த பாளையக்காரரை அவர் அடக்கிய முறை மென்மையானதன்று. 1772இல் கணவரை இழந்த வேலு நாச்சியார் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தபோது அவருக்குத் துணைநின்றவரும் இவரே. இரண்டையும் ஒருசேர நினைவிற்கொள்ளல் வேண்டும்.

1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் முறியடித்தனர். அச்செய்தி ஐரோப்பாவை உலுக்கியது. அப்பொழுது அதே ஆங்கில அரசோடு பொருதுகொண்டிருந்த அமெரிக்கர், காணாத கண்டத்து மன்னர் ஒருவரைத் தம் தோழராக எண்ணினர். பென்சில்வேனியா அரசு தன் வணிகக் கலங்களைக் காக்கப் படைக்கலம் பூட்டிய கப்பல் 'ஐதர் அலி' என்னும் பெயர் தாங்கியது இவ்வாறே.

1782 ஏப்ரல் 8. டெலவேர் விரிகுடா. 'ஐதர் அலி'யின் தலைவர் ஜோஷுவா பார்னிக்கு அகவை இருபத்திரண்டே. அவரிடம் இருந்தவை ஆறு ராத்தல் குண்டெறியும் பதினாறு பீரங்கிகள். எதிரே வந்த 'ஜெனரல் மங்க்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலோ ஒன்பது ராத்தல் பீரங்கிகளால் வலுப்பெற்றது. பார்னி தம் சுக்கான் பிடிப்பவனிடம், தாம் அடுத்து உரக்கக் கூவும் ஆணைக்கு நேர்மாறாகத் திருப்புமாறு முன்னரே மெல்லச் சொல்லிவைத்தார். பகைவர் செவியிற்படுமாறு ஆணை முழங்கிற்று. கப்பல் மறுபுறம் திரும்பியது. ஏமாந்த 'மங்க்'கின் முன்கொம்பு 'ஐதர் அலி'யின் கயிறுகளிற் சிக்கிக்கொண்டது. பகைவரின் பீரங்கிகள் பல குறிநோக்க இயலாதவாயின. அரைமணிக்குள் அது பணிந்தது. பிடிபட்ட அக்கப்பல் முன்னர் அமெரிக்கருடையதாய் இருந்து, பின்னர் ஆங்கிலேயரால் கவரப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டது. அதன் பழைய பெயரே 'ஜெனரல் வாஷிங்டன்'. அமெரிக்கர் அப்பெயரையே மீளவும் சூட்டினர்.

கவிஞர் நிறைந்த நம் வட்டத்திற்கு மேலும் ஒரு செய்தி. அமெரிக்கப் புரட்சியின் கவிஞர் எனப் போற்றப்படும் பிலிப் பிரெனோ இவ்வெற்றியைப் பாடினார். அவர் பின்னாளில் நான்காம் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மாடிசனுடன் கல்லூரியிற் பயின்றவர். பெயர் ஒன்று தன் மண்ணை விட்டுப் புறப்பட்டுக் குறியீடாகும் முறையை ஆராய்வோர்க்கு இது நல்ல சான்று. ஆனால் 1780இல் ஐதரின் படை எரித்த கருநாடகத்துச் சிற்றூர்கள் அக்குறியீட்டில் இடம்பெறவில்லை.

மீட்கப்பட்ட 'ஜெனரல் வாஷிங்டன்' 1783 மார்ச்சில் சமாதானச் செய்தியைச் சுமந்து பிலடெல்பியா சேர்ந்தது. ஐதர் அதற்கு முன்பே, 1782 டிசம்பரில், சித்தூருக்கு அருகே உயிர் நீத்திருந்தார். அமெரிக்கர் விடுதலை பெற்ற அந்த 1783இலேயே ஆங்கிலேயர் திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திப்புவிடம் திருப்பியளித்து, 1790இல் மீண்டும் பிடித்தனர்.

இங்கே காரன்வாலிஸ் வருகிறார். 1781 அக்டோபர் 19இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்தவர் அவர். உடல்நலமின்மை எனக் காரணங்கூறி, வாளை ஒப்படைக்கத் தம் துணைவரை அனுப்பினார். அத்தகையவரை இங்கிலாந்து 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக்கியது. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவின் நாட்டிற் பாதியை அவர் பறித்தார்; அதில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. மேலைக்கடலுக்கு அப்பால் இழந்ததை இங்கே ஈடுசெய்துகொண்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடநூல்கள் இவ்விரு போர்களையும் வேறுவேறு ஏடுகளில் வைத்ததனால் இத்தொடர்பு நம் கண்ணிற் படாமற் போயிற்று.

அப்போது வாஷிங்டன் குடியரசுத் தலைவர். திப்புவின் இழப்புக்கு இரங்கினாரோ இலரோ, வணிகத்தை மறக்கவில்லை. 1792 நவம்பரில் பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்குத் தூதராக நியமித்தார். 1794இல் வந்து சேர்ந்த ஜாயைக் கும்பினியார் தூதர் என ஏற்க மறுத்து, வணிக முகவராக இருக்க மட்டும் இசைந்தனர். தோழன் என்று கப்பலுக்குப் பெயரிட்ட நாடு, பத்தாண்டுகளில் தோழனின் பகைவரிடம் வணிகம் நாடியது. அரசியலில் இது புதிதன்று.

1799 மே 4இல் திப்பு களத்தில் வீழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 14இல் வாஷிங்டன் இயற்கை எய்தினார். தம் உடைமையாயிருந்த 123 அடிமைகளுக்கு விடுதலை அளிக்க அவர் உயிலில் எழுதிவைத்திருந்தார். ஆனால் மனைவியின் மறைவுக்குப் பின்னரே அது நடைபெறவேண்டும் என்பது ஏற்பாடு.

கும்பினிக்கு எதிராகப் பாளையக்காரரைத் திண்டுக்கல் பகுதியில் ஒன்றுதிரட்டிய விருப்பாட்சிக் கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேதான், மனிதர் அனைவரும் நிகர் என்னும் விடுதலைச் சாற்றுரையை வரைந்த தாமஸ் ஜெபர்சன், அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.