உடல் எடை கூடினால் கருத்தரிப்பது ஏன் தாமதமாகிறது?

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, “ஏதும் விசேஷமா?” என்று சொந்தக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், மாதவிடாய் அடிக்கடி தள்ளிப்போனால் சும்மா விட்டுடாதீங்க.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் 18 வயதைக் கடந்த 63.9 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். மற்ற இனங்களைவிட இது கூடுதல்.

எடைக்கும் கருத்தரிப்புக்கும் என்ன சம்பந்தம்? உடலில் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் இரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறும். அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும். கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். இப்படி ஹார்மோன்கள் தாறுமாறானால், கருமுட்டை மாதந்தோறும் வெளியாகாது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, ரொட்டி சானாய், தே தாரிக்கோடு வீடு திரும்புபவரிடம் “ஜிம்முக்குப் போ” என்பது சுலபம், செய்வதுதான் கஷ்டம். நல்ல வேளையாக, ஒல்லியாக வேண்டிய கட்டாயமில்லை. 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே, பலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளியாகத் தொடங்கும். ஷிப்டுக்கு முன் அரை மணி நேர நடை, சீனி இல்லாத தேநீர் என ஆரம்பிக்கலாம்.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையா? கிளினிக்குக்குப் போங்க. 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போகணும். மாதவிடாய் ஒழுங்காக வராவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். கணவரையும் அழைத்துப் போங்க. கூடுதல் எடை விந்தணுவையும் பாதிக்கும். குறை பெண்ணிடம் மட்டும்தான் என்று யாரும் முடிவுகட்ட முடியாது.