‘ஏன்?’ என்னும் பருவம்

தென் அந்தமானில் சௌல்தாரி என்னும் ஊரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ்; கடைத்தெருவில் இந்தி; அண்டை வீட்டில் வங்காளம். நேற்று வரை சொன்னபடி நடந்த பதினொரு வயது மகள், இன்று, “நான் தமிழை ஏன் படிக்க வேண்டும், அப்பா?” என்று வினவுகிறாள். தந்தையார் சினம் கொள்கிறார். அவ்வினா அடங்காமையா, அறிவின் வளர்ச்சியா? இதற்கு விடை கண்ட வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு.

உலா பாடிய நம் புலவர்கள் பேதை, பெதும்பை, மங்கை எனப் பருவங்களை வகுத்தனர். ஆயினும் அவை பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியவை. சிந்தனை எவ்வாறு மாறுகிறது என்னும் ஆராய்ச்சி பிற்காலத்தது.

இத்தாலி நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில திங்களில் திரும்பும் எண்ணத்துடன் வந்தவர், உலகப்போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர்க் கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில், 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்க்கான கல்வியை அவர் விரிவாக வகுத்தார். மலையின் செடிகொடிகளும் நீர்வாழ் உயிர்களும் பாடப் பொருள்களாயின. இளங்குழந்தை ‘இது என்ன?’ என்று கேட்கும். வளர்ந்த சிறுவனோ ‘ஏன்? எவ்வாறு?’ என்று கேட்பான். ஆதலின் உலகின் தோற்றம் முதல் மனிதன் வரை காரண காரியத்துடன் அவனுக்குக் கூற வேண்டும் என்பது அவர் கருத்து.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதனைச் சோதனையால் விளக்கினார். கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட எடை விரைவாக ஆடுவதும் மெதுவாக ஆடுவதும் எதனால் என்று சிறுவரைக் கேட்டனர். சிறியவர்கள் கயிற்றின் நீளத்தையும் எடையையும் ஒருசேர மாற்றிக் குழம்பினர். பதினொன்று, பன்னிரண்டு வயதையொட்டித் தொடங்கும் பருவத்தினரோ மெல்ல மெல்ல, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்து உண்மையை நாடக் கற்றனர். கண்முன் இல்லாததையும் ‘இப்படி இருந்தால்?’ என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றல் அப்போது அரும்புகிறது.

மூளையையே படமெடுத்துப் பார்க்கும் கருவி பின்னர் வந்தது. ஒரே குழந்தைகளை ஆண்டுகள் இடைவிட்டுத் திரும்பத் திரும்பப் படமெடுத்த அமெரிக்க ஆராய்ச்சி 1999-இல் வெளியாயிற்று. ஆறு வயதிலேயே மூளை ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடுகிறது. ஆயினும் அதன் உள்ளமைப்பு வளரிளம் பருவம் முழுவதும் மாறுகிறது. புறணியின் சாம்பல் நிறப் பொருள் படிப்படியாகக் குறைகிறது. செய்தி கடத்தும் வெண்ணிறப் பொருள் பெருகுகிறது. தோட்டக்காரன் கிளைகளைக் கழித்துப் பாத்தியைச் சீர்செய்வது போன்றது இது. முன்பின் எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் நெற்றிப்புற மூளையோ, இருபது வயதைக் கடந்த பின்னரே முதிர்கிறது.

ஆகவே, காரணம் கேட்கும் ஆற்றல் முன்னே வருகிறது; பொறுமை பின்னே வருகிறது. இவ்விடைவெளியைப் பெற்றோரின் பொறுமையே நிரப்ப வேண்டும். “நான் சொல்கிறேன், படி” என்பது ஆறு வயதுக்குப் போதும், பதினொன்றுக்குப் போதாது. பாட்டன் எந்த ஊரிலிருந்து கடல் கடந்தார், ஏன் கடந்தார், ஊரிலுள்ள ஆத்தாள் எந்த மொழியில் பேசுவாள் என்று தந்தையார் விளக்கட்டும். மகள் மறுத்துப் பேசினால் அதனையும் கேட்கட்டும். கட்டளைக்காகப் படித்த மொழி தேர்வோடு மறக்கலாம். காரணம் அறிந்து ஏற்றது நெடுங்காலம் துணை நிற்கும்.