சென்னையின் எஃப்சி தலைமைப் பயிற்சியாளர்கள்

சென்னையின் எஃப்சி தலைமைப் பயிற்சியாளர்கள் என்பது, சென்னையைத் தாயகமாகக் கொண்டு இந்தியன் சூப்பர் லீக் காற்பந்துத் தொடரில் ஆடும் சென்னையின் எஃப்சி கழகத்தை 2014 முதல் வழிநடத்தியோரையும், அவர்கள் கையாண்ட ஆட்ட உத்திகளையும், அவை குறித்து இரசிகர்களிடையே எழுந்த விவாதங்களையும் பற்றிய கட்டுரையாகும். இக்கழகம் 2015, 2017-18 ஆகிய பருவங்களில் வாகையர் பட்டம் வென்றது. 2018-19 பருவத்தில் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. உயர்வும் வீழ்ச்சியும் அடுத்தடுத்து நேர்ந்தமையால், அணியை யார் வழிநடத்த வேண்டும் என்னும் கேள்வி இதன் இரசிகர்களிடையே மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

பின்னணி

சென்னையின் எஃப்சி 2014 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. திரைப்பட நடிகர் அபிசேக் பச்சன், வீட்டா தானி ஆகியோர் இதன் உரிமையாளர்கள். துடுப்பாட்ட வீரர் மகேந்திரசிங் தோனி அதே ஆண்டில் இணை உரிமையாளராகச் சேர்ந்தார். பெரியமேட்டில் உள்ள ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் இவ்வணியின் தாயக அரங்கமாகும்.

இந்தியன் சூப்பர் லீக்கின் இரண்டு விதிகள் பயிற்சியாளர் பற்றிய விவாதங்களைப் புரிந்துகொள்ள உதவும். முதலாவது, இத்தொடரில் 2024-25 பருவம் வரை கடைசி இடம் பெற்ற கழகம் கீழ்நிலைப் பிரிவுக்கு இறக்கப்பட்டதில்லை. ஐரோப்பிய நாடுகளில் தரமிறக்கம் பற்றிய அச்சமே பருவத்தின் நடுவில் பயிற்சியாளரை மாற்றுவதற்கு முதன்மைக் காரணமாக உள்ளது. இங்கு அவ்வச்சம் இல்லாதிருந்ததால், உரிமையாளர்கள் பொறுமை காக்கவும் முடிந்தது. தோல்வியைப் பொருட்படுத்தாமல் விடவும் முடிந்தது. இரண்டாவது, களத்தில் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை 2014 இல் ஆறாக இருந்து, 2017-18 இல் ஐந்தாகவும், 2021-22 இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. எனவே, எந்த இடங்களை வெளிநாட்டு வீரர்களுக்கு அளிப்பது என்பதே ஒவ்வொரு பயிற்சியாளரும் எடுக்கும் முதல் உத்திசார் முடிவாகிறது.

பயிற்சியாளர்களின் பட்டியல்

- மார்கோ மத்தெராசி (இத்தாலி) - 2014 முதல் 2016 பருவம் வரை
- ஜோன் கிரகரி (இங்கிலாந்து) - 2017 சூலை முதல் 2019 நவம்பர் வரை
- ஓவன் கோயில் (இசுக்கொட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக்கு ஆடியவர்) - 2019 திசம்பர் முதல் 2019-20 பருவ இறுதி வரை
- சாபா லாசுலோ (அங்கேரி) - 2020-21 பருவம்
- போசிடார் பண்டோவிச் (மொண்டெனேகுரோ) - 2021 சூலை முதல் 2022 பெப்ரவரி வரை
- சபீர் பாஷா (இந்தியா, இடைக்காலப் பொறுப்பு) - 2022 பெப்ரவரி முதல் பருவ இறுதி வரை
- தோமசு பிரடாரிச் (செருமனி) - 2022-23 பருவம்
- ஓவன் கோயில் (இரண்டாம் முறை) - 2023-24, 2024-25 பருவங்கள்
- கிளிபோர்டு மிராண்டா (இந்தியா) - 2025 இல் நியமனம்

மத்தெராசி காலம்

2006 உலகக்கிண்ணத்தை வென்ற இத்தாலிய அணியின் தடுப்பாட்டக்காரரான மத்தெராசி, முதல் பருவத்தில் வீரராகவும் மேலாளராகவும் ஒருசேரப் பணியாற்றினார். 2014 இல் அணி 14 ஆட்டங்களில் 23 புள்ளிகளுடன் பட்டியலில் முதலிடம் பெற்றது. பிரேசில் வீரர் எலானோ 8 கோல்களுடன் தொடரின் அதிக கோல் அடித்தவரானார். எனினும் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரளா பிளாசுடர்சு அணியிடம் கொச்சியில் 0-3 எனத் தோற்ற சென்னை, இரண்டாம் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 3-1 என வென்றும் மொத்தக் கணக்கில் 3-4 என வெளியேறியது.

2015 பருவத்தில் அணி பட்டியலின் அடிப்பகுதியில் தவித்தது. பின்னர் கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. அவ்வேளையில் சென்னை பெருவெள்ளத்தில் மூழ்கியிருந்ததால், சொந்த மண்ணில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. அங்கு அத்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என வென்ற சென்னை, மொத்தக் கணக்கில் 4-2 என முன்னேறியது. 2015 திசம்பர் 20 அன்று கோவாவின் பதோர்டா அரங்கில் நடந்த இறுதிப்போட்டியில், 90 ஆம் நிமிடம் வரை 1-2 எனப் பின்தங்கியிருந்து, எதிரணி கோல்காப்பாளரின் தன்-கோலாலும் மென்டோசா கூடுதல் நிமிடத்தில் அடித்த கோலாலும் எஃப்சி கோவாவை 3-2 என வென்றது. மென்டோசா அப்பருவத்தில் 13 கோல்கள் அடித்தார்.

பருவத்தின் நடுவில் பயிற்சியாளரை மாற்றியிருந்தால் இப்பட்டம் கிடைத்திருக்குமா என்பது பொறுமையை வலியுறுத்துவோர் முன்வைக்கும் வலுவான வாதமாகும். அடுத்த பருவத்தில் அதே பயிற்சியாளரின் கீழ் எட்டு அணிகளுள் ஏழாம் இடமே கிடைத்தது. 2017 மார்ச்சில் மத்தெராசி விலகினார்.

கிரகரி காலம்

ஆசுட்டன் வில்லா அணியின் முன்னாள் மேலாளரான கிரகரி, தற்காப்பு ஒழுங்கையும் நிலைப்பந்து வாய்ப்புகளையும் அடித்தளமாகக் கொண்டு அணியை அமைத்தார். நிலைப்பந்து என்பது மூலையுதை, தனியுதை போன்று, பந்து நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்படும் நிலையாகும். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த இறுதிப்போட்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 9 ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரியின் கோலால் பின்தங்கிய சென்னை, மூலையுதைகளிலிருந்து மைல்சன் ஆல்வெசு தலையால் முட்டி அடித்த இரு கோல்களாலும், இரபேல் அகுசுதோவின் கோலாலும் பெங்களூரு எஃப்சி அணியை 3-2 என வென்றது. லீக் சுற்றில் முதலிடம் பெற்ற அணியை, அதன் சொந்த அரங்கிலேயே, ஒரு மையத் தடுப்பாட்டக்காரரின் இரு கோல்கள் வீழ்த்தின.

அடுத்த பருவம் முற்றிலும் மாறாக அமைந்தது. 2018-19 இல் 18 ஆட்டங்களில் இரு வெற்றிகளும் 9 புள்ளிகளும் மட்டுமே பெற்று அணி கடைசி இடத்திற்குச் சென்றது. ஆயினும் கழகம் கிரகரியை நீக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த சூப்பர் கோப்பையில் அணி இறுதிப்போட்டி வரை சென்று எஃப்சி கோவாவிடம் 1-2 எனத் தோற்றது.

இதே பருவத்தில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு அதன் பயிற்சியாளர். நெய்வேலியைச் சேர்ந்த எட்வின் சிட்னி வான்சுபால் உள்ளிட்ட தமிழக வீரர்கள் அவ்வணியில் முக்கியப் பங்காற்றினர். ஒரே மாநிலத்தின் ஒரு கழகம் முதலிடத்திலும் மற்றொன்று கடைசி இடத்திலும் முடித்தமை, உள்ளூர் வீரர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு அளிக்க வேண்டும் என்னும் கருத்துக்கு வலுச் சேர்த்தது. எட்வின் பின்னர் சென்னையின் எஃப்சி அணியில் இணைந்தார்.

2019-20: பருவத்தின் நடுவில் மாற்றம்

பயிற்சியாளர் மாற்றத்தின் விளைவை அளந்து பார்க்க இப்பருவம் ஏற்றதாகும். கிரகரி விலகும்போது அணி 6 ஆட்டங்களில் 5 புள்ளிகள் பெற்று, 4 கோல்கள் மட்டுமே அடித்திருந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பேர்ன்லி அணியை 2009 இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிற்கு உயர்த்திய கோயில் பொறுப்பேற்றபின், எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகளும் 28 கோல்களும் கிடைத்தன. அதாவது ஓர் ஆட்டத்திற்கு 0.83 ஆக இருந்த சராசரிப் புள்ளி 2.00 ஆக உயர்ந்தது.

வீரர்கள் பெரும்பாலும் அவர்களே. மாறியது ஆட்ட முறையாகும். பந்தை இழந்தவுடன் எதிரணியின் பாதியிலேயே நெருக்கி மீட்பதும், பின்னர் கிரிவெல்லாரோ, செம்ப்ரி, சாங்தே ஆகியோர் வழியாக விரைந்து வால்சுகிசுவிடம் சேர்ப்பதும் கோயிலின் முறையாக இருந்தது. வால்சுகிசு 15 கோல்களுடன் பருவத்தை முடித்தார். நான்காம் இடம்பெற்ற அணி, அரையிறுதியில் எஃப்சி கோவாவை மொத்தம் 6-5 என வென்றது. கோவிட்-19 பரவலால் 2020 மார்ச் 14 அன்று பார்வையாளர் இன்றி நடந்த இறுதிப்போட்டியில் ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றது.

இவ்வெண்களை விளக்குவதில் எச்சரிக்கை தேவை. ஓர் அணி தன் உண்மையான திறனைவிடத் தாழ்ந்த முடிவுகளைப் பெறும்போதுதான் பொதுவாகப் பயிற்சியாளர் நீக்கப்படுகிறார். அத்தகைய அணி, பயிற்சியாளர் மாறாவிடினும் தன் சராசரி நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு உண்டு. புள்ளியியலில் இது சராசரிக்கு மீளல் எனப்படும். எனவே உயர்வு முழுவதையும் புதியவரின் கணக்கில் சேர்ப்பது சரியன்று. எனினும் கோல் அடிக்கும் வீதம் மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்ததை இக்காரணம் ஒன்றால் மட்டும் விளக்குவது கடினம்.

2020 முதல் 2023 வரை

கோயில் 2020 இல் ஜம்சேத்பூர் எஃப்சி அணிக்குச் சென்றார். அடுத்த மூன்று பருவங்களிலும் அணி எட்டாம் இடத்தையே பெற்றது. லாசுலோவின் கீழ் 2020-21 இல் 20 ஆட்டங்களுள் 11 சமநிலையில் முடிந்தன. அணி அடித்த கோல்கள் 17 மட்டுமே. தோற்பது அரிது, வெல்வதும் அரிது என்னும் இந்நிலையில், தவறு தற்காப்பு மனப்பான்மையிலா, வாய்ப்புகளை வீணாக்கிய முன்கள வீரர்களிடமா என்பது விவாதப்பொருளானது. தாய்லாந்தின் புரிராம் அணியில் பட்டங்கள் வென்று வந்த பண்டோவிச், 2022 பெப்ரவரியில் எஃப்சி கோவாவிடம் 0-5 எனத் தோற்ற பின் நீக்கப்பட்டார். இந்திய அணியின் முன்னாள் முன்கள வீரரும் சென்னையைச் சேர்ந்தவருமான சபீர் பாஷா எஞ்சிய ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். பிரடாரிச் ஒரு பருவம் மட்டுமே பணியாற்றினார்.

ஒரே புள்ளி, மூன்று இடங்கள்

2022-23, 2023-24, 2024-25 ஆகிய மூன்று பருவங்களிலும் அணி சரியாக 27 புள்ளிகளே பெற்றது. ஆட்டங்களின் எண்ணிக்கை முறையே 20, 22, 24 ஆகும். அவற்றில் அணி முறையே 8, 6, 11 ஆம் இடங்களைப் பெற்றது. ஓர் ஆட்டத்திற்கான சராசரிப் புள்ளி 1.35, 1.23, 1.13 எனத் தொடர்ந்து குறைந்துள்ளது.

பிரடாரிச் பெற்ற சராசரி, அவருக்குப் பின் மீண்டும் வந்த கோயில் பெற்றதைவிட உயர்வானது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆயினும் பிரடாரிச் தகுதிச் சுற்றுக்குச் செல்லாதவர் எனவும், கோயில் 2023-24 இல் அணியைத் தகுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றவர் எனவும் நினைவுகூரப்படுகின்றனர். பட்டியலில் ஓர் அணியின் இடம் பிற அணிகளின் முடிவுகளையும் சார்ந்தது. அதனை மட்டும் கொண்டு ஒரு பயிற்சியாளரை மதிப்பிடுவது போதாது.

இரசிகர்கள்

பி ஸ்டாண்ட் புளூசு, சூப்பர் மச்சான்சு ஆகியவை இக்கழகத்தின் அறியப்பட்ட இரசிகர் குழுக்கள். வட சென்னை, குறிப்பாக வியாசர்பாடி, நெடுங்காலமாகக் காற்பந்து வேரூன்றிய பகுதியாகும். சென்னையின் எஃப்சி அணிக்கு ஆடிய தனபால் கணேசு அங்கிருந்து வந்தவர்.

அரங்கம் சென்னை மத்திய தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் இருப்பதால், கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் உள்ள ஊர்களிலிருந்தும் மின்தொடர்வண்டியில் வந்து ஆட்டம் காண இயலும். பொன்னேரி அப்பாதையில் உள்ளது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களிலிருந்து வருவோர் பேருந்தில் பொன்னேரியை அடைந்து தொடர்வண்டி ஏறவேண்டும். இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஏறத்தாழ 9.20 மணிக்கு முடியும். விடியுமுன் கடலுக்கோ ஏரிக்கோ செல்பவருக்கு அந்த இரவுப் பயணம் எளிதன்று. தோல்வியுறும் அணியைக் காண இத்தொலைவு வருவோரே யார் பயிற்சியாளராக வேண்டும் என்பதில் கருத்துக் கூறும் உரிமையை மிகுதியாக உணர்கின்றனர் எனலாம்.

இந்தியப் பயிற்சியாளர் பற்றிய விவாதம்

2014 முதல் 2025 வரை கழகத்தின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர்கள் அனைவரும் வெளிநாட்டினரே. காலித் சமீல் 2021 இல் வடகிழக்கு யுனைட்டெடு அணியில் நிரந்தரப் பொறுப்பேற்று, இந்தியன் சூப்பர் லீக்கில் அவ்வாறு அமர்த்தப்பட்ட முதல் இந்தியரானார்; 2025 ஆகத்தில் இந்திய அணியின் பயிற்சியாளராகவும் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் சென்னையின் எஃப்சி, கோவாவைச் சேர்ந்த கிளிபோர்டு மிராண்டாவைத் தேர்ந்தெடுத்தது. இவர் 2023 இல் ஒடிசா எஃப்சி அணியை இடைக்காலப் பொறுப்பில் வழிநடத்திச் சூப்பர் கோப்பையை வென்றவர். இக்கழகத்தில் நிரந்தரப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் இவரே.

இதனை ஆதரிப்போர், நான்கு வெளிநாட்டவரும் ஏழு இந்தியரும் ஆடும் அணிக்கு இந்திய வீரர்களை இளமை முதல் அறிந்தவரே பொருத்தமானவர் என்கின்றனர். எதிர்ப்போர், பயிற்சியாளரின் நாடு எதுவாயினும், நல்ல வீரர்களை வாங்கவும் தக்கவைக்கவும் கழகம் செலவிடாதவரை பயனில்லை என்கின்றனர். கழகம் வென்ற இரு பட்டங்களும் வெவ்வேறு ஆட்ட முறைகளால் கிடைத்தவை. இரண்டுக்கும் அடுத்த பருவத்திலேயே அதே பயிற்சியாளரின் கீழ் வீழ்ச்சி நேர்ந்தது. எனவே, பயிற்சியாளர் ஒரு காரணி மட்டுமே என்பதும், பட்டம் வென்ற அணியை மறுபருவத்திற்குக் கட்டிக்காப்பதே இக்கழகத்திற்குக் கடினமாக இருந்துள்ளது என்பதும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- இந்தியன் சூப்பர் லீக்
- ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம், சென்னை
- சென்னை சிட்டி எஃப்சி
- காற்பந்தாட்டம்